பெட்டியில் 5.1, பின்னால் இரண்டே பின்

பத்தாயிரத்துக்குள் ஒரு ஹோம் தியேட்டர் செட் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

போன தீபாவளி சமயத்தில் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் எடுத்தோம். கனத்த பேஸ் ஒலிக்கான வூஃபர் பெட்டி, அதற்குள்ளேயே ஆம்ப்ளிபயர், கூட ஐந்து குட்டி ஸ்பீக்கர், புளூடூத், பென்டிரைவ், எஃப்எம் என்று எல்லாம் ஒரே செட்டில். கடையில் குத்துப்பாட்டு போட்டுக் காட்டினார்கள், கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. அப்பாவுக்கு வேண்டியது அந்த அதிர்வு இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், பழைய படங்களில் வசனம் தெளிவாகக் கேட்டால் போதும்.

அந்த வசனம்தான் கேட்கவில்லை. சேலத்தின் பழைய படக் கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் படங்களுக்கெல்லாம் மோனோ ஒலிதான், எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் வரப்போவது ஒரே ஒலி, குரல் சுத்தமாக வந்தால் வேலை முடிந்தது. இங்கே யார் பேசினாலும் கூடவே வூஃபர் உறுமுகிறது. பேஸைக் குறைத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது, கூட்டினால் சொல்லே புரிவதில்லை, நடுவாந்திரமாக வைக்கலாம் என்றால் அப்படி ஒரு இடமே அதில் இல்லை.

சூரமங்கலத்தில் ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். குட்டி ஸ்பீக்கரின் முன்பக்கம் இரண்டு வட்டம் தெரியும். அவர் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினார்: கீழே மூன்று இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, மேலே ட்வீட்டர் (கீச்சென்ற மெல்லிய ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி, ஒரு வயர்கூடப் போகவில்லை. “இந்தச் சின்ன ஸ்பீக்கரால ஆம்பளைக் குரலோட கனத்தைக் கொண்டுவர முடியாதுங்க, அதையும் வூஃபர்தான் பாடுது, அதனாலதான் கொழகொழன்னு வருது” என்றார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 5.1 விஷயத்தில். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு வூஃபருக்கும் தனித்தனி ஒலி. டிவியில் இருந்து 5.1 ஒலி வெளியே வரவேண்டும் என்றால் ஆப்டிகல் (ஒளி வழியாக ஒலியைக் கொண்டுபோகும் வயர்) மாதிரி ஒரு டிஜிட்டல் இணைப்பு வேண்டும், இல்லையென்றால் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே வெளியே அனுப்பும் வசதி) வேண்டும். ஏஆர்சி 2009இலேயே வந்துவிட்ட விஷயம், புதுசு ஒன்றும் இல்லை. இந்த செட்டின் பின்னால் இருப்பது சிவப்பு, வெள்ளை என்று இரண்டே ஆக்ஸ் பின். அதில் இடது, வலது இரண்டுதான் போகும். புளூடூத்திலும் அப்படித்தான், போதாக்குறைக்கு உதடு அசைந்து முடிந்த பிறகு வசனம் வருகிறது. ஆக, பின்னால் மாட்டிய ஸ்பீக்கரில் கேட்பது முன்னால் கேட்கிற அதே ஒலி. ஐந்து புள்ளி ஒன்று உள்ளே போகவே வழியில்லாத செட்டுக்கு அட்டையில் அவ்வளவு பெரிய எழுத்தில் 5.1 என்று போடுவது அநியாயம்.

வாட்ஸ் கதையும் இதேதான். அட்டையில் 12,000 வாட்ஸ் பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்சத்தை வைத்துச் சொல்கிற விளம்பரக் கணக்கு. பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில், அது இழுக்கிற கரண்டே 60 வாட்ஸ். இழுப்பதைவிட அதிகமாக ஒரு ஆம்ப்ளிபயர் தொடர்ந்து எப்படிக் கொடுக்கும்? தொடர்ந்து கொடுக்கிற உண்மையான வாட்ஸ், அதாவது ஆர்எம்எஸ், எவ்வளவு என்று எங்கேயுமே இல்லை.

இன்னொரு தொல்லை, கரண்ட் போய் வந்தால் வைத்திருந்த சவுண்ட் மறந்துபோய், ‘புளூடூத் மோட்’ என்று ஒரு குரல் உச்ச சத்தத்தில் கத்தும். அதை நிறுத்த வழியே இல்லை. ஏற்காட்டில் அத்தை வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. அங்கே மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போய் வரும் என்று சொல்லவேண்டியதில்லை, ராத்திரியில் தூங்குகிற குழந்தை அலறி எழுந்துகொள்கிறது.

கடையில் கேட்டால், சத்தம் வருகிறதே, பழுது இல்லை, மாற்றித் தர முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை முதலில் பாருங்கள். பாட்டு வேண்டாம், செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், ஆப்டிகல் இருக்கிற, பேச்சு தெளிவாக வருகிற 2.1 செட் யாராவது வைத்திருந்தால் மாடலைச் சொல்லுங்கள், அப்பாவுக்கு வேண்டும்.