கீமோ வேலை செய்கிறதா என்று ஸ்கேனில் எப்படிச் சொல்கிறார்கள்?

வானதி:
அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டு மாதக் கீமோவுக்குப் பிறகு எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட் நேற்று வந்தது. 42 மிமீ இருந்த கல்லீரல் கட்டி இப்போது 34. ஆனால் கடைசி வரியில் ‘ஸ்டேபிள் டிசீஸ்’ (நோய் அப்படியே இருக்கிறது) என்று போட்டிருக்கிறார்கள். குறைந்துதானே இருக்கிறது? வயிற்றுக் கட்டிக்கு அளவே எழுதவில்லை. பார்க்காமல் விட்டுவிட்டார்களா? பெட் ஸ்கேன் கேட்கட்டுமா?

செந்தில்:
சிடி டெக்னீஷியனாக இருக்கிறேன். பயப்படாதீர்கள் சகோதரி. ரெசிஸ்ட் 1.1 என்று 2009-இல் வந்த அளவுகோலை வைத்துத்தான் இப்படி எழுதுகிறார்கள். அளக்கக்கூடிய கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, முதல் ஸ்கேனைவிட 30 சதவீதமாவது குறைந்திருந்தால்தான் ‘பார்ஷியல் ரெஸ்பான்ஸ்’, அதாவது ஓரளவு பலன். அப்பாவுக்குக் குறைந்திருப்பது 19 சதவீதம்தான். வளர்ந்துவிட்டது என்று சொல்ல, புதுக் கட்டி முளைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இதுவரை இருந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதமும் 5 மிமீயும் கூடியிருக்க வேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் ‘ஸ்டேபிள்’தான். மருந்துக்குக் கட்டி அடங்கி நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக் கட்டியை யாரும் விட்டுவிடவில்லை. இரைப்பை சுருங்கிக் கிடந்தால் நல்ல சுவரே தடிப்பாகத் தெரியும். அதனால்தான் படுக்கவைக்கும் முன் தண்ணீர் கொடுத்து வயிற்றை விரிக்கிறோம். கீமோவில் இருப்பவர்கள் இரண்டாவது டம்ளரிலேயே குமட்டி நிறுத்திவிடுவார்கள், பாவம். அவசரப்படுத்தாமல் மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தால் படம் நன்றாக வரும். அப்படியும் போன தடவை விரிந்த அளவுக்கே விரியும் என்று சொல்ல முடியாது. அதனால் மிமீ கணக்கு போடாமல், சுவர் மெலிந்ததா தடித்ததா என்று மட்டும் எழுதுவார்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்கையும் கொண்டுபோங்கள்.

மலர்:
பெட் கேட்பதற்கு முன் பயாப்சியில் என்ன வகை என்று பாருங்கள். என் அம்மாவுக்கு சிக்னெட் ரிங் வகை. பெட் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையைக் கட்டி இழுத்தால்தான் படத்தில் பளிச்சென்று தெரியும்; இந்த வகை அதை அவ்வளவாக இழுக்காதாம். படத்தில் மங்கலாகத்தான் தெரிந்தது. வயிற்று உறையில் பொடிப்பொடியாகப் பரவியிருந்தது சிடியிலும் தெரியவில்லை. வயிற்றில் சிறு துளை போட்டு கேமராவை விட்டுப் பார்க்கும் லேப்பராஸ்கோப்பி செய்தபோதுதான் கண்டுபிடித்தார்கள்.

வானதி:
நன்றி அக்கா. அப்பாவுக்கு ‘இன்டெஸ்டினல் டைப்’ என்று இருக்கிறது.

செந்தில்:
அந்த வகை பெட்டில் பொதுவாக நன்றாகவே தெரியும். ஆனால் கீமோவுக்கு முன் ஒரு பெட் எடுத்திருந்தால்தான் எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட முடியும். இல்லையென்றால் இப்போதைக்கு சிடியே போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எடுப்பதாக முடிவானால், அப்பாவுக்கு சர்க்கரை நோய் இருக்கிறதா என்பதை நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் படம் தெளிவாக வராது.