மீத்தேன் எரிதல் மாடல்: எரிபொருள் குறைந்த கலவையில் மட்டும் என்ஏஎன் (NaN, எண்ணே அல்லாத மதிப்பு) வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். மாறா அழுத்தத்தில் மீத்தேன்-காற்று எரிவதை ஒரே படி வினையாக வைத்து பைத்தானில் எழுதியிருக்கிறேன், தொடக்க வெப்பநிலை 1400 கெல்வின். வெஸ்ட்புரூக்கும் டிரையரும் 1981-இல் கொடுத்த எண்கள்தான்: வினைவேகச் சூத்திரத்தின் முன்காரணி (பெருக்கும் மாறிலி) 1.3×10^8, கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) மோலுக்கு 48.4 கிலோகலோரி, மீத்தேன் செறிவுக்கு அடுக்கு -0.3, ஆக்சிஜனுக்கு 1.3. ஈக்விவலன்ஸ் ரேஷியோ (எரிபொருள்-காற்று விகிதம், சரிவிகிதக் கலவைக்கு 1, எரிபொருள் குறைந்தால் 1-க்குக் கீழ்) 1 என்றால் அழகாக ஓடுகிறது. 0.8 வைத்தால் வெப்பநிலை விறுவிறுவென ஏறி, எரிந்து முடியப் போகும் இடத்தில் எல்லாமே என்ஏஎன். எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
எரிதல் சமன்பாடுகள் ஸ்டிஃப் ஆனவை, அதாவது மிக வேகமான மாற்றமும் மெதுவான மாற்றமும் கலந்தவை. ரங்கே-குட்டா போட்டிருந்தால் விடுங்கள், அத்தகைய சமன்பாடுகளுக்கான பிடிஎஃப் (BDF) சால்வருக்கு மாறுங்கள்.

கேட்டவர்:
மாற்றிப் பார்த்தேன், நேரப் படியையும் குறைத்தேன். அதே இடத்தில்தான் நிற்கிறது.

பதில் 2:
சால்வரைக் குறை சொல்ல வேண்டாம், அந்த -0.3-ஐப் பாருங்கள். கலவை சரிவிகிதமாக இருக்கும்போது மீத்தேனும் ஆக்சிஜனும் 1:2 என்று சேர்ந்தே தீர்கின்றன, அடுக்குகளைக் கூட்டினால் 1, அதனால் வேகம் செறிவோடு சேர்ந்து சுமுகமாக இறங்கிவிடுகிறது. 0.8-இல் ஆக்சிஜன் மிஞ்சி நிற்கும், மீத்தேன் மட்டும் தீரும். அதன் அடுக்கு எதிர்மறை என்பதால் தீரத் தீர வேகம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போகும், ஒரு படியில் செறிவு பூஜ்ஜியத்துக்குக் கீழே விழும், எதிர்மறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு போட்டதும் என்ஏஎன். 1.2 வைத்து ஓட்டுங்கள், அங்கே முதலில் தீர்வது ஆக்சிஜன் என்பதால் பிரச்சினை வராது.

தீர்வு: மிகச் சிறிய ஒரு மீத்தேன் செறிவை எல்லையாக வையுங்கள். அதற்குக் கீழே வேகம் செறிவுக்கு நேர்விகிதமாகக் குறையட்டும், எல்லையில் இரண்டு மதிப்பும் ஒட்டிப் போக வேண்டும். செறிவு எதிர்மறையானால் வேகம் பூஜ்ஜியம்.

அதே கட்டுரையில் 0.2, 1.3 என்ற அடுக்குகளோடு இன்னொரு தொகுப்பும் உண்டு, முன்காரணி 6.7×10^12. ஆனால் அங்கே மொத்த வினைப்படி (அடுக்குகளின் கூட்டல்) 1.5, எண் மோல்-சென்டிமீட்டர் அலகில் இருக்கிறது. கன மீட்டருக்குப் போனால் 6.7×10^9 ஆக்க வேண்டும். இப்போது உங்களிடம் உள்ளதில் படி 1 என்பதால் அலகு மாற்றம் தேவைப்படவில்லை, அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன பூஜ்ஜியக் காவல் இதற்கும் வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! 1.2 ஓடியது, எல்லை வைத்ததும் 0.8-உம் ஓடிவிட்டது. அப்புறம் ஒரு சந்தேகம்: இதிலிருந்து வரும் இக்னிஷன் டிலேயை (கலவை தானாகப் பற்ற எடுக்கும் நேரம்) அறிக்கையில் போடலாமா?

பதில் 2:
போடாதீர்கள். இந்த எண்கள் சுடர் வேகத்துக்கும் தீப்பற்றும் வரம்புகளுக்கும் பொருந்தும்படி சரிசெய்யப்பட்டவை, தானாகப் பற்றும் நேரத்துக்கு அல்ல. அதற்கு ஜிஆர்ஐ-மெக் 3.0 போன்ற விரிவான வினைத்தொகுப்பு வேண்டும், 53 சேர்மங்கள், 325 வினைகள்.

பதில் 1:
இறுதி வெப்பநிலையையும் சரிபாருங்கள். 298 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தம், சரிவிகிதக் கலவை என்றால் சமநிலைக் கணக்கு சுமார் 2226 கெல்வின் தரும். ஒரே படியில் கார்பன் மோனாக்சைடும் பிரிகையும் (சூட்டில் மூலக்கூறுகள் உடைவது) கிடையாது என்பதால் உங்களுக்கு நூறு கெல்வின் அளவுக்குக் கூடத்தான் வரும். அதைவிட நிறைய விலகினால் வெப்பக் கொள்ளளவை மாறிலியாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.