ராஜ்தூத் 350: சூடானதும் இடது சிலிண்டர் மிஸ்ஸிங்

இரட்டைப்புகை:

வண்டி 1987 ராஜ்தூத் 350, ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் பைக், லோ டார்க் (குறைஞ்ச இழுவிசை) மாடல். பாயிண்ட் (திறந்து மூடி பொறிக்கு நேரம் வைக்கிற தொடுமுனை) இக்னிஷன்தான், ஆட்டோலூப் (தானா ஆயில் கொடுக்கிற) பம்பும் ஒழுங்கா வேலை செய்யுது. காலைல ஒரே கிக்ல ரெண்டு சிலிண்டரும் பிடிச்சுக்குது. 7, 8 கிலோமீட்டர் ஓடி நல்லா சூடானதும் 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே இடது பக்கம் விட்டு விட்டு அடிக்குது (மிஸ்ஸிங்), ஐட்லிங்ல சுத்தமா நின்னுடுது. 4000 தாண்டினா திரும்ப ஒட்டிக்குது. இடது சைலன்சர் பைப்ல தண்ணி தெளிச்சா ஆவியாகாம வழியுது. வலது பிளக் டீ கலர், இடது பிளக் கருப்பா நனைஞ்சிருக்கு.

ரெண்டு பக்கமும் புது என்ஜிகே பி8எச்எஸ் போட்டாச்சு. இடது கார்பரேட்டர் பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடுற சின்னத் துளை) சுத்தம் பண்ணி, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெச்சாச்சு. ஒரு மாற்றமும் இல்லை. எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கிடலாமா, இல்ல அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ஏதாவது இருக்கா அண்ணா?

கிக்கர்87:

கிட் இப்ப வேணாம் தம்பி. எது கெட்டுப்போச்சுன்னு தெரியாம கிட் மாட்டினா, கோளாறு வேற இடத்துல இருந்தா காசும் போகும், மிஸ்ஸிங்கும் அப்படியே இருக்கும்.

முதல்ல அந்த ஈரத்தை மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை மட்டும்னா பொறி குறைவு. கெட்டியா, கியர் ஆயில் வாசனையோட இருந்தா அது வேற கதை. பச்சையில, அதாவது என்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி, நல்லா ஓடி சூட்டுல மட்டும் விடுதுன்னா என் சந்தேகம் காயில் (பொறிக்கு உயர் வோல்ட் கொடுக்கிறது) அல்லது கண்டென்சர் (பாயிண்ட்டோட சேர்ந்து கரண்டை வாங்கி வைக்கிற சின்ன உறுப்பு) மேலதான். ரெண்டுமே சூட்டுல உள்ளுக்குள்ள கசியும்.

இந்த வண்டியில ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட், தனிக் கண்டென்சர், தனிக் காயில். அதனால இடம் மாத்தி மாட்டியே கண்டுபிடிச்சிடலாம். பிளக் வயரை மட்டும் மாத்தினா ஆகாது. ரெண்டு சிலிண்டரும் 180 டிகிரி தள்ளி அடிக்கிறதால பொறி தப்பான நேரத்துல போகும். பாயிண்ட்ல இருந்து காயிலுக்கு வர்ற வயர் (ஒரிஜினல் வயரிங்னா ஆரஞ்சு இடது, சாம்பல் வலது), பிளக்குக்குப் போற வயர், ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. அப்போ இடது பாயிண்ட் வலது காயில் வழியா இடது சிலிண்டரையே அடிக்கும். மிஸ்ஸிங் வலதுக்குத் தாவினா காயில் போச்சு. இடதுலயே நின்னா காயில் நல்லா இருக்கு, பாயிண்ட், கண்டென்சர் பக்கம் போங்க.

மாத்தினதும் வண்டியை முழுசா சூடாக்கிட்டுத்தான் முடிவு சொல்லணும். பச்சையில பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

பிளக் மூடியையும் விட்டுடாதீங்க. கழட்டி, வயர் நுனியில அரை சென்டிமீட்டர் வெட்டி எறிஞ்சுட்டு புதுச் செம்புல திருகுங்க. 5 கிலோ ஓம் மூடின்னா மீட்டர்லயும் அதை ஒட்டித்தான் காட்டணும்.

செம்புக்கம்பி:

இன்னொன்னு. இது பேட்டரி இக்னிஷன். ஐட்லிங்ல சார்ஜ் வராது, அதனால வோல்ட் குறைஞ்சா ரெண்டுல பலவீனமான சிலிண்டர்தான் முதல்ல விடும். சாவியைப் போட்டு, கிராங்கை (பிஸ்டன் சுத்துற தண்டு) திருப்பி இடது பாயிண்ட் மூடினபடி நிறுத்தி, இடது காயிலுக்கு வர்ற சிவப்பு-வெள்ளை வயர்ல அளங்க. பேட்டரி முனையை விட அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், ஃபியூஸ் கிளிப் மூணுல ஒண்ணு பச்சை பூத்திருக்கும். பாயிண்ட் மூடினபடி சாவியை ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க, காயில் வெந்துடும்.

ரேஸ் கொடுத்தா பேட்டரில 14 வோல்ட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா ஆல்டர்னேட்டர் கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கான்னு பாருங்க.

இரட்டைப்புகை:

எல்லாம் பாத்தேன். காயில் மாத்தி 10 கிலோமீட்டர் ஓட்டியாச்சு, மிஸ்ஸிங் இடதுலயேதான். ஈரத்துல வெறும் பெட்ரோல் வாசனை. பேட்டரி 12.4, காயில்ல 11.3 வோல்ட். இடது கவரைக் கழட்டி ஐட்லிங்ல பாத்தா இடது பாயிண்ட் நடுவுல நீலமா நல்லாவே பொறி பறக்குது, வலதுல லேசா மினுக்குதான். பாயிண்ட் கேப் (திறந்தப்ப இருக்கிற இடைவெளி) இடது 0.20 மி.மீ, வலது 0.35.

கிக்கர்87:

மூணு கோளாறு ஒண்ணா மாட்டிக்கிச்சு: கண்டென்சர், கேப், வோல்ட் இழப்பு.

நீலப் பொறிக்குக் காரணம் கண்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது காயில் கரண்டை அதுதான் வாங்கிக்கணும். வாங்கலைன்னா பாயிண்ட் நடுவுலயே எரிஞ்சு தீரும், பிளக்குக்கு ஒண்ணும் மிஞ்சாது. குறைஞ்ச ஆர்பிஎம்ல பாயிண்ட் மெதுவா விலகுறதால அந்தத் தீ நீளமா நிக்கும். வேகத்துல சட்டுனு விலகிடும். 4000க்கு மேல திரும்ப ஒட்டிக்கிறது அதனாலதான். உறுதி பண்ண, பழைய கண்டென்சர் வயரைக் கழட்டிட்டு அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர் கண்டென்சர் ஒண்ணை, உடம்பை எர்த்துல இறுக்கி, வயரை ஆரஞ்சோட சேர்த்து ஓட்டிப் பாருங்க. வேண்டியது சுமார் 0.22 மைக்ரோஃபாரட். வாங்கும்போது ரெண்டு பக்கத்துக்கும் வாங்குங்க, வலதுக்கும் அதே வயசுதான்.

0.20 கேப், கேம்ல (பாயிண்ட்டைத் திறக்கிற சுழல் மேடு) உரசுற ஃபைபர் குதிகால் தேஞ்சதால. கேப் சுருங்கச் சுருங்க டைமிங் (பொறி வர்ற நேரம்) பின்வாங்கும். பாயிண்ட் முகத்துல ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடுன்னு இருந்தா தேய்க்காம மாத்திடுங்க. புதுசு போட்டதும் பெட்ரோல்ல நனைச்ச விசிட்டிங் கார்டை நடுவுல இழுத்து எண்ணெயைத் துடைக்கணும், கேமைத் தொடுற ஃபெல்ட் துண்டுல ஒரு துளி கிரீஸ். அதிகமானா தெறிச்சு பாயிண்ட்டைக் கெடுக்கும்.

கேப் 0.30க்கும் 0.40க்கும் நடுவுல வெச்ச பிறகுதான் டைமிங். பிளக் ஓட்டையில பிஸ்டன் நகர்வை அளக்க டயல் கேஜ், பாயிண்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல 3 வாட் பல்பு. சாவி போட்டு, என்ஜின் சுத்துற திசையிலயே திருப்பினா பாயிண்ட் திறக்கிற நொடியில பல்பு எரியும். அது பிஸ்டன் மேல் முனைக்கு 1.8 முதல் 2.0 மி.மீ முன்னாடி இருக்கணும், உங்க மாடல் மேனுவல்ல போட்டிருக்கிறதே கடைசி வார்த்தை. பெரிய தட்டை நகர்த்தினா ரெண்டு பாயிண்ட்டும் நகரும், அதனால அதுல நேரடியா உக்காந்திருக்கிற பாயிண்ட்டை முதல்ல முடிங்க, துணைத்தட்டுல இருக்கிறது பிறகு.

டைமிங் நிலைக்காம ஆடுச்சுன்னா கேமைப் பிடிச்சு மேலும் கீழும் அசைச்சுப் பாருங்க. ஆட்டம் தெரிஞ்சா இடது கிராங்க் பேரிங் போச்சு, எத்தனை பாயிண்ட் மாத்தினாலும் நிக்காது.

செம்புக்கம்பி:

1.1 வோல்ட் இழப்பையும் சேர்த்துச் சரி பண்ணுங்க, பொறி கண்ணுக்கே தெரியற அளவு மாறும். பொறி பாக்கும்போது பிளக்கை ஹெட் ஓட்டைக்குப் பக்கத்துல வெக்காதீங்க, உள்ள இருந்து வர்ற பெட்ரோல் ஆவி பத்திக்கும். ரெண்டு பிளக்கும் எர்த் தொட்டுட்டு இருக்கணும், தொங்கவிட்டா நல்ல காயிலும் உள்ளுக்குள்ள கிழியும்.

ரீட்வால்வு:

கண்டென்சர் மாத்தின பிறகும் இடது பிளக் நனைஞ்சா, ரெண்டு பிளக்கையும் கழட்டி, ஆக்ஸிலேட்டர் முழுசா திறந்து, 6 கிக் கம்ப்ரஷன் பாருங்க. எண் என்னன்றதை விட ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 15 பிஎஸ்ஐக்கு மேல இருந்தா சிலிண்டர் போர் (உள்சுவர்) வேலைக்குப் போகணும். சமமா இருந்தா ஃப்ளோட் நீடில் (கார்பரேட்டர்ல பெட்ரோலை அடைக்கிற ஊசி), பிறகு ரீட் இதழ் (கலவையை ஒரே திசையில விடுற வால்வு) பாருங்க.

என்னைக்காவது பிளக் வெள்ளையா வெளுத்து, ஐட்லிங் தானா ஏறுச்சுன்னா அப்படியே நிறுத்திடுங்க. ஆல்டர்னேட்டர் பக்க கிராங்க் ஆயில் சீல் காத்து இழுக்குது, பிஸ்டன் பிடிச்சுக்கும். வலது சைலன்சர் மட்டும் வெள்ளைப் புகை கக்கி, கியர் ஆயில் குறைஞ்சா கிளட்ச் பக்க சீல். எந்த எலக்ட்ரானிக் கிட்டும் அந்த ரெண்டையும் தீர்க்காது.