அப்பு, அப்பப்பா, தாத்தா: மறக்க முடியாத ஒரு நாளை எழுதுங்கள்

குமுழமுனைப் பேரன்:
எங்கள் அப்பு வட்ட விதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற பொறுப்பாளராக இருந்தவர். தண்ணிமுறிப்புக் குளத்து வாய்க்காலில் திரிந்த நேரம் போக மிச்சமெல்லாம் வற்றாப்பளை அம்மனுக்குத்தான். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவிட்டால் அம்மனின் வைகாசிப் பொங்கல் முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி இல்லை. காட்டா விநாயகர் கோவிலில் அந்தக் கடல்நீரில் விளக்கு எரிகிற கிழமை அவரை வீட்டில் காணவே கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2009 வைகாசி, போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். பொங்கல் திங்கள் அன்று நிவாரண அரிசியில் கொஞ்சம் எடுத்து, தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் கல் வைத்துப் பொங்கினார். பிறகு வற்றாப்பளைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் போகத்தான் பிடிபட்டது. தலைமடையிலிருந்து கடைமடை வரை, வயல்கள் கிடக்கிற ஒழுங்கிலேயே ஒவ்வொரு வயல்காரரின் பெயர். செத்தவர்களையும் விடவில்லை. தண்ணீருக்காக அவரோடு சண்டை பிடித்து, கோவிலடியில்கூட முகம் பார்க்காத ஒருவரின் பெயரும் அதே குரலில் வந்தது.

என் மாமாவின் பெயர் மட்டும் வரவில்லை. அப்புவின் ஒரே மகன். கடைசிச் சண்டையில் மாத்தளனில் பிரிந்தவர், இன்றுவரை தகவல் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 2014இல் அப்புவும் போய்விட்டார்.

அடம்பன்:
எங்களுடையது வேதக்கார (கத்தோலிக்க) குடும்பம். ஒவ்வொரு ஆவணி (ஆகஸ்ட்) 15க்கும் தாத்தா மடு மாதா கோவிலுக்கு நடந்தே போவார். 2008இல் நாங்கள் இடம்பெயர்ந்து வடக்கே போயிருந்தோம். அந்த ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபத்தையும் தேவன்பிட்டிக்குக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அது கிட்டத்தான். ஆனால் தாத்தா செபமாலை சொல்லும்போது மடுப் பக்கம்தான் திரும்பி இருப்பார். "தாத்தா, மாதா இப்ப இந்தப் பக்கமெல்லோ" என்றேன். "அவவும் எங்களைப் போல இடம்பெயர்ந்துதான் வந்திருக்கிறா. வீட்டுக்குத் திரும்பவேணும் எண்டு அவவுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன்" என்றார். மாதாவுக்காகவே செபிக்கிற ஒரு மனுசனை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அந்த ஆவணியிலேயே சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. நாங்கள் அப்போது கிழக்கே ஓடிக்கொண்டிருந்தோம்.

குமுழமுனைப் பேரன், உங்கள் அப்பு மகனுக்காக மனதுக்குள் கேட்டிருப்பார். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றில்லை.

கடைமடை:
அடம்பன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மற்ற எல்லோரையும் வாய்விட்டுச் சொன்னவர் மகனை மட்டும் ஏன் மனதுக்குள் சொல்ல வேண்டும்? சொன்னால் செத்தவர்களோடு சேர்ந்துவிடும் என்ற பயம். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இன்னொன்று. விதானைமாரை எல்லோரும் புகழ்கிறார்கள். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு, அதாவது மழை குறைந்த காலத்து நெல்லுக்கு, குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. கூட்டம் வைத்து இவ்வளவு ஏக்கர்தான் என்று பிரிப்பார்கள். பிரித்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். மேலே இருப்பவன் இரவில் மடையைத் திறந்துவிட்டால் கீழே கதிர் பதராகும். எங்கள் அப்பப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் வரம்பிலேயே படுத்தவர். ஓர் இரவு நான் சாப்பாடு கொண்டு போனபோது அவருக்குப் பக்கத்தில் விதானையும் உரப்பை விரித்துப் படுத்திருந்தார். பகலில் இரண்டு பேரும் தூசணத்தால் ஏசிக்கொண்டவர்கள். "உவன் என்னை நம்பமாட்டான், அதுதான் நானும் வந்து படுத்திட்டன்" என்றார் விதானை. அதற்குப் பிறகும் அப்பப்பா அவரை நல்லவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தன்னுடைய சாப்பாட்டில் பாதியை அன்று அவருக்குக் கொடுத்தார்.

கிளிநொச்சி ரீச்சர்:
எங்கள் தாத்தா 2017 மாசியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது, சித்தப்பாவின் படத்தோடு போய் இருந்தவர். அவ்வளவுதான் என் கதை.

குமுழமுனைத் தம்பி, நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பெயர் வரிசையை எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். அம்மாவை இருத்தி, போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். "யார் யார் வயல் செய்தவை" என்று கேட்டால் அவருக்கு வராது. "தலைமடையில் ஆர், அதுக்குக் கீழே ஆர்" என்று வாய்க்காலோடு நடத்திக்கொண்டு போங்கள், தானாக வரும். வயலுக்கு வயல் இருந்த பெயர்களையும் கேளுங்கள். எங்கள் பக்கம் காணி உறுதிகளும் பெர்மிற்றுகளும் இடம்பெயர்வில் போய்விட்டன. பக்கத்துக் காணிக்காரர் யார் என்று சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் அலைந்தார்கள் தெரியுமா? எந்தக் குடும்பத்தில் யார் எங்கே பிரிந்தார் என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். மாமாவைக் கடைசியாகக் கண்டவர்கள் இருந்தால் இடம், திகதி, உடுத்திருந்த உடுப்பு, எல்லாம் குறித்து ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வயது போனவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஆறுதலாகச் செய்யலாம் என்று விடாதீர்கள்.

குமுழமுனைப் பேரன்:
ரீச்சர், நேற்றிரவு அம்மாவைக் கேட்டேன். மாமா வயல் செய்தது முத்தையன்கட்டுப் பக்கம், மாமியின் சீதனக் காணியில். எங்கள் வாய்க்காலில் அவருக்கு வயல் இல்லை, அதனால்தான் பெயர் வரவில்லை என்கிறார் அம்மா. எனக்கு அது போதவில்லை. அப்புவுக்கும் அந்த வாய்க்காலில் வயல் இருந்தது, தன் பெயரையும் அவர் சொல்லவில்லை.

பெயர்களை எழுதத் தொடங்கிவிட்டோம். நடுவில் இரண்டு வயல் யாருடையது என்று அம்மாவுக்கு நினைவில்லை. குமுழமுனை ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் தொடர்புகொள்ளுங்கள்.