அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் செலவு வரிக் கணக்கில் வராதா?

மதுரைப்பொண்ணு:
அம்மாவுக்கு 68 வயது, பக்கவாதம். அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் காப்பீடு தரவில்லை. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவை 80டி என்கிற வருமான வரிக் கழிவில் 50,000 வரை காட்டலாம் இல்லையா, அதற்காகவும்தான் இந்தக் கழிவு கிடைக்கிற பழைய வரிமுறையில் இருக்கிறேன். ப்ரூஃப் கேட்டபோது பில் பையை ஆபீஸுக்கே கொண்டுபோனேன். கணக்குப் பிரிவுத் தம்பி மேசையில் கொட்டி இரண்டு குவியலாகப் பிரித்தான். ரொக்கம் ஒரு பக்கம், ஜிபே ஒரு பக்கம். ரொக்கக் குவியலை அப்படியே பைக்குள் தள்ளி, "இது செல்லாதுக்கா" என்றான். அம்மாவைக் குளிப்பாட்டித் திருப்பிப் படுக்கவைக்க வருகிற அக்காவின் சம்பளத்துக்குப் பில்லே கிடையாது. பெரிய செலவே அதுதான்.

ஒற்றைச்சம்பளம்:
எங்கள் பையனுக்கு மூளை முடக்குவாதம். மனைவி வேலையை விட்டாச்சு. என் சம்பளம் 14 லட்சம். எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டி ஆளுக்கு 7 லட்சம். 2025-26 புதிய முறையில் அவர்களுக்கு வரி சைபர், எனக்கு 81,900! இங்கே வரி ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ஊனமுள்ளவரைப் பராமரிப்பவருக்கான 80டிடி கழிவில் 1,25,000 கழித்துப் பழைய முறையிலும் போட்டுப் பார்த்தேன், இன்னும் கூடத்தான் வந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "நான் வேலைக்குப் போயிருந்தா இது வராதுல்ல?" என்றாள்.

கணக்குப்பிள்ளை:
14 லட்சம் வாங்கிக்கொண்டு புலம்பாதீர்கள் சார். மதுரைப்பொண்ணு, பில்லை விடுங்கள். என் அப்பாவுக்கு நான் எடுத்தது 80டிடி. சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் இருந்தால் 75,000, 80 சதவீதம் என்றால் 1,25,000. எவ்வளவு செலவானாலும் அதே தொகை. ஆபீஸில் ஏற்காவிட்டாலும் ரிட்டர்னில் நீங்களே போடலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள், தாண்டினால் பழைய முறை கிடைக்காது. மருந்துக்கடையிலும் இனி ஜிபேதான், சரியா?

தையல்கடை:
வருமான வரி கட்டுகிற அளவுக்கு எனக்கு வருமானமில்லை. ஆனால் மாமியாரின் டயப்பருக்கு 12 சதவீத ஜிஎஸ்டி கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கியிருக்கிறார்கள். பழைய ஸ்டாக் என்று கடைக்காரர் பழைய விலையே கேட்க, வாசலில் நின்று சண்டை போட்டேன். கொடுத்தார்.

மதுரைப்பொண்ணு:
@கணக்குப்பிள்ளை, சான்றிதழுக்கு அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணுமே. நாங்கள் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. உங்கள் அப்பாவை எப்படிக் கூட்டிப்போனீர்கள், அதைச் சொல்லுங்கள்.