மியூட்டெக்ஸ் போட்டால் போதாதா? (ரெய்சர்எஃப்எஸ், லினக்ஸ் 2.6.33)

தூசி_டிஸ்க்:
லினக்ஸ் கெர்னல் 2.6.32, 2.6.33 இரண்டிலும் ரெய்சர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் சோர்ஸை அருகருகே வைத்துப் படிக்கிறேன். கெர்னல் முழுவதற்கும் பொதுவான பெரிய கெர்னல் லாக் போய், மவுண்ட் செய்த ஃபைல் சிஸ்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய லாக்) வந்திருக்கிறது. சரி. ஆனால் டிஸ்க்குக்குக் காத்திருக்கும் இடங்களில் அதை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கிறார்கள். யார் பிடித்தார், எத்தனை முறை பிடித்தார் என்று கணக்கு வேறு. பழைய லாக் இருந்த இடத்தில் மியூட்டெக்ஸைப் போட்டால் முடிந்துவிடாதா?

பழைய_பேட்ச்:
முடியாது. 1996-ல் 2.0-வோடு வந்த அந்த லாக்குக்குத் தனிக் குணம் உண்டு. பிடித்திருக்கும் டாஸ்க் எதற்காவது காத்துத் தூங்கப் போனால், டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஷெட்யூலரே லாக்கை விடுவிக்கும். எழுந்ததும் திரும்பப் பிடித்துக் கொடுக்கும். பிடித்தவரே மறுபடியும் பிடிக்கலாம்.

ரெய்சர்எஃப்எஸ் இந்த இரண்டையும் நம்பி எழுதப்பட்டது. தரவை அடுக்கி வைத்திருக்கும் மரத்தில் தேடும்போது டிஸ்க்கிலிருந்து ஒரு பிளாக் வருவதற்காகத் தூங்கினால், அதற்குள் வேறொருவர் மரத்தை மாற்றியிருக்கலாம். அதனால் எழுந்ததும், மரம் மாறியதைக் காட்டும் ஜெனரேஷன் எண்ணைப் பார்க்கும். மாறியிருந்தால் தேவைப்படும்போது வேரிலிருந்து மறுபடி தேடும். மியூட்டெக்ஸோ தூங்கினாலும் பிடியை விடாது. அப்படியே மாற்றினால் ஒருவர் டிஸ்க்குக்குக் காத்திருக்க, மற்ற எல்லாரும் அவருக்காகக் காத்துக் கிடப்பார்கள். மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் ஜர்னலில் இன்னும் மோசம்: நீங்கள் எந்த கமிட் (குறிப்பை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வேலை) முடிய வேண்டும் என்று காத்திருக்கிறீர்களோ, அதை முடிப்பவருக்கே உங்கள் கையிலுள்ள லாக் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்த ஃபிரடெரிக் வைஸ்பெக்கர் அந்த இடங்களைத் தேடித் தேடித்தான் லாக்கை விடச் செய்தார். கணக்கு வைப்பதும் மறுபடி பிடிக்க வசதியாகத்தான்.

இனோட்_ரசிகை:
ஐ_மியூட்டெக்ஸை (ஒவ்வொரு ஃபைலின் இனோடுக்கும் உள்ள தனி லாக்) விட்டுவிட்டீர்களே! எல்லா ஃபைல் சிஸ்டங்களுக்கும் பொதுவான மேல் அடுக்கான விஎஃப்எஸ் அதை முதலில் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். ஃபைலோடு கூடுதல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் எக்ஸ்ஆட்ரிபியூட் பகுதியோ ரெய்சர் லாக்கோடு (அந்தப் புது மியூட்டெக்ஸோடு) போய் அதைக் கேட்கும். வரிசை தலைகீழானால் டெட்லாக்: ஒருவர் கையிலுள்ள லாக்குக்காக மற்றவர் காத்து, இருவருமே நின்றுவிடுவார்கள். முன்பு தூங்கும்போதே லாக் நழுவிவிடும் என்பதால் இது வெளியே தெரியவில்லை. இப்போது ரெய்சர் லாக்கை விட்டு, ஐ_மியூட்டெக்ஸைப் பிடித்து, அப்புறம் ரெய்சர் லாக்கைத் திரும்பப் பிடிக்க ஒரு தனி ஃபங்ஷனே இருக்கிறது.

தூசி_டிஸ்க்:
புரிந்தது. இதை நுண்ணிய லாக்கிங் (சிறு சிறு பகுதிக்கும் தனித்தனி லாக்) என்று சொல்லலாமா?

பழைய_பேட்ச்:
நான் சொல்ல மாட்டேன். ஒரு மவுண்டுக்கு ஒரே லாக். இரண்டு பார்ட்டிஷன்கள் மோதிக்கொள்ளாது, அவ்வளவுதான். நுண்ணியது வேண்டுமென்றால் 2.6.38-ஐப் படியுங்கள்: ஃபைல் பெயர்களை நினைவில் வைக்கும் டென்ட்ரி கேஷ் முழுவதற்கும் இருந்த ஒற்றை லாக்கை நிக் பிக்கின் என்ற கெர்னல் டெவலப்பர் உடைத்திருப்பார். பெரிய கெர்னல் லாக்கின் மிச்சம் 2011-ல் 2.6.39-இல் போனது. 2.6.33-ஐ ஓட்டிப் பார்ப்பதானால் லாக் பிடிக்கும் வரிசையில் உள்ள தவறைக் காட்டும் லாக்டெப்பை ஆன் செய்துகொள்ளுங்கள்.