டொபாங்கா கலைஞர்களை வளர்த்ததா, ஒளித்து வைத்ததா?

கூடல்வாசி | சனி, காலை 9:40
லாஸ் ஏஞ்சலீஸ் கிளம்புகிற நண்பனுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். இங்கேயும் ஒட்டுகிறேன்.

நகரத்துக்கு மேற்கே, சான்டா மோனிகா மலைகளுக்குள் டொபாங்கா என்று ஒரு மலையிடுக்கு (கேன்யன்). தெற்கே இறங்கினால் பசிபிக் கடல், வடக்கே இறங்கினால் சான் ஃபெர்னாண்டோ சமவெளி. இன்றைக்கும் எட்டாயிரம் சொச்சம் பேர்தான் அங்கே. ஆனால் குடியிருந்தவர்களைப் பாருங்கள்: நாடகக்காரர் வில் கீர், நாட்டுப்பாடகர் வூடி கத்ரி, ராக் பாடகர் நீல் யங், நடிகர்கள் டீன் ஸ்டாக்வெல், ரஸ் டாம்ப்ளின், ஓவியர்கள் வாலஸ் பெர்மன், ஜார்ஜ் ஹெர்ம்ஸ், கேன்ட் ஹீட் இசைக்குழு, பாடகர்கள் ஜோனி மிட்செல், ஜிம் மாரிசன். இத்தனை பேரை ஒரு சின்ன ஊர் உருவாக்கியிருக்கிறது என்றால் அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எதிர்க்கட்சி | சனி, காலை 10:15
முதலில் பட்டியலைச் சுத்தம் பண்ணுங்கள். ஜோனி மிட்செல் இருந்தது லாரல் கேன்யன். அது ஹாலிவுட் மலையில், அங்கிருந்து அரை மணி நேரத்துக்கு மேல். மாரிசன் குடியிருந்ததும் லாரல் கேன்யன் மளிகைக் கடைக்குப் பின்னால்தான். இரண்டு கேன்யனையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவது சுற்றுலாக்காரர்கள் வழக்கம்.

அடுத்து, "மண்ணில் ஏதோ இருக்கிறது." இது வீட்டுத் தரகர் பேச்சு சார். வில் கீர் அங்கே மண்வாசனை தேடிப் போகவில்லை. 1951ல் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் கமிட்டி முன்னால் நிறுத்தினார்கள். நீ கம்யூனிஸ்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார். கருப்புப் பட்டியலில் பெயர் ஏறியது, படவாய்ப்பு போச்சு, சான்டா மோனிகாவில் இருந்த பெரிய வீடும் போச்சு. மனைவி ஹெர்டா வேரோடும் பிள்ளைகளோடும் மலையிடுக்கில் ஒதுங்கினார். தாவரவியல் படித்தவர், ஆகவே காய்கறி போட்டு விற்றார். கீர் கீரை விற்ற கதை இதுதான். ஊர் உருவாக்கியதா? ஊர் ஒளித்து வைத்தது. இரண்டும் வேறு.

கூடல்வாசி | சனி, காலை 10:32
ஜோனி விஷயத்தில் தப்பு என்னுடையது. மாரிசனை விட மாட்டேன். டொபாங்காவில் கோரல் என்று ஒரு இரவு விடுதி இருந்தது, கேன்ட் ஹீட்டெல்லாம் வாசித்த இடம். மாரிசனின் "ரோட்ஹவுஸ் ப்ளூஸ்" அந்த விடுதிக்குப் போகிற வழியை வைத்து வந்தது என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள்.

எதிர்க்கட்சி | சனி, காலை 10:36
"எல்லாரும் சொல்வார்கள்." நன்றி.

கூடல்வாசி | சனி, காலை 10:50
சரி, கீருக்கே வருகிறேன். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்தில் வேலை பறிபோனவர்கள் ஹாலிவுட்டில் எத்தனையோ பேர். எல்லாரும் எங்காவது ஒதுங்கத்தான் செய்தார்கள். ஆனால் ஒதுங்கிய இடத்தில் மேடை போட்டவர் எத்தனை பேர்? கீர் தன் தோட்டத்துக்குள்ளேயே மேடை கட்டி, வேலையில்லாத நடிகர்களையும் பாடகர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அதுதான் பின்னால் தியேட்ரிகம் பொட்டானிகம் என்ற நாடக அரங்கு ஆனது. 1973ல் முறையான அமைப்பாகவே ஆக்கிவிட்டார்கள்.

எதிர்க்கட்சி | சனி, காலை 10:58
மெக்கார்த்தி செனட்டர். கீரை விசாரித்தது பிரதிநிதிகள் சபைக் கமிட்டி. இந்த இரண்டையும் குழப்பாத ஒரு தமிழ்க் கட்டுரையைக் கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலை 27 | சனி, முற்பகல் 11:20
நான் அந்தப் பக்கம் குடியிருப்பவள். மலைக்கு வடக்கே வீடு, தெற்கே வேலை, நடுவில் டொபாங்கா. பெயரில் இருக்கிற 27 அந்தச் சாலையின் எண்தான்.

நாடக அரங்கை நேரில் பார்த்தால் இந்தச் சண்டை பாதி தீரும். அரங்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் மரப் பலகைகள், எதிரே மரமேடை, மேலே ஓக் மரங்கள். தலையணை கொண்டு போகவில்லையென்றால் இரண்டாம் பாதியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நடிகர்கள் திரைக்குப் பின்னாலிருந்து வருவதில்லை, மேட்டிலிருந்து தூசி பறக்க ஓடி இறங்கி வருகிறார்கள். போன கோடையில் ஷேக்ஸ்பியரின் "நடுவேனில் இரவுக் கனவு". ஒரு தேவதை ஓடி வந்த வேகத்தில் காய்ந்த இலை என் மடியில் விழுந்தது. பக்கத்திலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வருகிற செடிகளை வைத்து வளர்த்த தோட்டம். கீரின் அஸ்தியை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள், 1978ல். இப்போது மகள் எல்லன் கீர் நடத்துகிறார். வூடி கத்ரி தங்கியிருந்த குடிசையும் அதே வளாகத்தில் நிற்கிறது. சின்னது, நம் ஊர்ப் பம்ப்செட் அறை மாதிரி.

எதிர்க்கட்சி | சனி, முற்பகல் 11:31
அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கத்ரி அங்கே வரும்போது அவருடைய பெரிய பாட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன. "திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்" 1940. டொபாங்காவுக்கு வந்தது ஐம்பதுகளின் தொடக்கம், உடம்பில் ஹன்டிங்டன் என்ற நரம்பு நோய் ஏறிக்கொண்டிருந்த நேரம். கீர் பழைய நண்பர், இடம் கொடுத்தார். அவ்வளவுதான். அவர் நோயாளியாக ஒண்டியிருந்த குடிசையை ஊர் தன் பெருமைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

ரொறன்ரோ தம்பி | சனி, மதியம் 12:05
அண்ணைமார் சண்டை பிடிக்கேக்கை எங்கட நீல் யங்கை மறந்துபோனியள். ரொறன்ரோவிலை பிறந்த ஆள். 1968ல ரொபாங்காவிலை வீடு வாங்கினவர். அந்த வீட்டு நிலவறைக்குள்ளை ஒரு சின்ன ஸ்ரூடியோ. "ஆஃப்ரர் த கோல்ட் ரஷ்" எண்ட இசைத்தட்டு அங்கைதான் பதிவு செய்தது, 1970 செப்ரெம்பரிலை வெளிவந்தது. கிற்றார் வாசிக்கிற நில்ஸ் லோஃப்கிரென் எண்ட 18 வயசுப் பெடியனைப் பிடிச்சு, "நீ பியானோ வாசி" எண்டு இருத்திவிட்டினம். அவன் பியானோக்காரனே இல்லை! அதாலைதான் அந்த வாசிப்பிலை ஒரு தயக்கம், ஒரு வெறுமை. பெரிய ஸ்ரூடியோவிலை காசு எண்ணிக்கொண்டு இருந்திருந்தா இப்பிடி ஒரு விசர் வேலை செய்ய விட்டிருப்பினமே?

எதிர்க்கட்சி | சனி, மதியம் 12:20
தம்பி, அந்தத் தட்டில் எல்லாப் பாட்டும் நிலவறை இல்லை. "ஐ பிலீவ் இன் யூ", "ஓ லோன்சம் மீ" இரண்டும் ஹாலிவுட்டில் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிந்தவை. தட்டு வந்த கையோடு நீல் யங்கும் ஊரைக் காலி பண்ணிவிட்டு வடக்கே பண்ணை வாங்கிப் போய்விட்டார். மொத்தம் இரண்டே வருஷம். இரண்டு வருஷ வாடகைக்காரரை மண்ணின் மைந்தன் ஆக்கலாமா?

ரொறன்ரோ தம்பி | சனி, மதியம் 12:24
வாடகை இல்லை அண்ணை, சொந்த வீடு. மேலை எழுதினதை வாசியுங்கோ.

கூடல்வாசி | சனி, மதியம் 12:50
இரண்டு வருஷம் என்று தள்ளாதீர்கள். அந்த இரண்டு வருஷத்தில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று பாருங்கள். தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் நீல் யங்குக்கு எப்படிப் பழக்கம்? டொபாங்கா சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்தவரை பிரிக்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டார். முன்பின் தெரியாது. பிறகு பிரிக்ஸ் சாகும்வரை அவர்தான் முக்கியத் தயாரிப்பாளர். அந்தத் தட்டின் தலைப்பு எங்கிருந்து வந்தது? அதே ஊரில் இருந்த டீன் ஸ்டாக்வெல் எழுதிய திரைக்கதை. கடல் பொங்கி டொபாங்காவையே மூழ்கடிக்கிற கதை. படம் எடுக்கவே இல்லை, பாட்டு மட்டும் மிஞ்சியது. 1977ல் நீல் யங்கின் இன்னொரு தட்டுக்கு அட்டை வடிவமைத்ததும் இந்த ஸ்டாக்வெல்தான்.

மண் என்று சொன்னது கவிதைக்கு. திருத்திக்கொள்கிறேன்: சாலை. ஊருக்கு ஒரே பெரிய சாலை. எதிரே வருகிறவனைத் தவிர்க்க முடியாது. ஹாலிவுட்டில் இந்த மூன்று பேரும் சந்திக்க மூன்று செயலாளர்கள் வேண்டும்.

எதிர்க்கட்சி | சனி, பிற்பகல் 1:15
சாலையை ஒத்துக்கொள்கிறேன். மண்ணை இல்லை.

ஆனால் உங்கள் பட்டியலின் ஆகப் பெரிய ஓட்டை வாலஸ் பெர்மன். அவர் பெயர் நின்றது "செமினா" இதழால். சின்ன அச்சுப்பொறியில் தானே அடித்து, தைக்காத தாள்களாக உறைக்குள் போட்டு நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பினார். மொத்தம் ஒன்பது இதழ், முதலாவது 1955, கடைசி 1964. டொபாங்காவுக்கு அவர் வந்தது அதற்கப்புறம். அதுவும் எப்படி? 1965ல் பெவர்லி க்ளென்னில் இருந்த வீடு மண்சரிவில் போனது. அதனால் வந்தார். கீரை கமிட்டி துரத்தியது, பெர்மனை மலை துரத்தியது. செமினாவில் டொபாங்காவுக்குப் பத்து பைசா பங்கு கிடையாது.

கூடல்வாசி | சனி, பிற்பகல் 1:40
செமினாவை விடுங்கள், ரேடியோக் கைகளை எடுங்கள். ஒரு கை, அதில் டிரான்சிஸ்டர் ரேடியோ. ஒலிபெருக்கி இருக்க வேண்டிய இடத்தில் வேறு வேறு படம்: பாம்பு, பூ, நிர்வாணம், எபிரேய எழுத்து. கோடாக்கின் வெரிஃபாக்ஸ் என்ற பழைய நகல் எடுக்கும் இயந்திரத்தில் அடித்தது. அதே கை, அதே ரேடியோ, பலகையில் வரிசை வரிசையாக. பக்கத்தில் நின்று பார்த்தால் எது பாடுகிறது, எது செய்தி சொல்கிறது என்று காது தேட ஆரம்பிக்கும். இதை அவர் டொபாங்காவில் இருந்த பத்து வருஷமும் செய்தார்.

அதோடு, 1957ல் அவருடைய ஃபீரஸ் காலரி கண்காட்சியை ஆபாசம் என்று போலீஸ் மூடியது. அந்தப் படம் அவர் வரைந்ததுகூட இல்லை, கேமரன் என்ற பெண் ஓவியர் வரைந்தது. 150 டாலர் அபராதம். கட்டியது யார்? டீன் ஸ்டாக்வெல்!

எதிர்க்கட்சி | சனி, பிற்பகல் 1:52
1957ல் இரண்டு பேருமே டொபாங்காவில் இல்லையே. ஆக நட்பு முதலில், ஊர் பிறகு. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

ரொறன்ரோ தம்பி | சனி, பிற்பகல் 1:58
கூடல் அண்ணை, இதிலை உங்களுக்கு விக்கெற் போச்சு.

நெடுஞ்சாலை 27 | சனி, பிற்பகல் 2:30
சாலையைப் புகழ்கிறீர்களே, பெர்மன் செத்தது அதே டொபாங்காவில்தான். 1976 பிப்ரவரி 18, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவன் மோதினான்.

யாருக்கும் கதவு திறந்திருக்கும் என்ற பெருமைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. கேரி ஹின்மன் என்று ஒரு இசை ஆசிரியர். வந்தவரையெல்லாம் வீட்டில் தங்க வைப்பார். 1969 ஜூலையில் சார்லஸ் மேன்சன் என்பவனின் கொலைக் கும்பல் அவரை அந்த வீட்டிலேயே கொன்றது. கொன்ற பாபி போசலே முன்பு அங்கே தங்கியிருந்தவன். அடுத்த மாதம் நடந்த நடிகை ஷாரன் டேட் கொலையைத்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது. இவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. உங்கள் பட்டியலிலும் இல்லை.

கூடல்வாசி | சனி, பிற்பகல் 2:41
இல்லைதான் அக்கா. சேர்க்கிறேன்.

எதிர்க்கட்சி | சனி, பிற்பகல் 3:05
இன்னொன்றும் சேர்த்துவிடுங்கள். கடலோரம், மலையிடுக்கின் வாயில், லோயர் டொபாங்கா. அங்கே இருந்த நிலம் ஒரு பழைய விளையாட்டு கிளப்பின் நிறுவனத்துக்குச் சொந்தம். மாத வாடகைக்கு ஒழுகுகிற குடில்கள். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள், கவிஞர்கள், ஓவியர்கள் பல வருஷம் இருந்தார்கள். 2001ல் கலிபோர்னியா அரசு 43 மில்லியன் டாலருக்கு 1,659 ஏக்கரை வாங்கிப் பூங்காவோடு சேர்த்தது. குடியிருந்தவர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆற்று வாயைக் காப்பாற்ற வேண்டும் என்பது நியாயமான காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஊர் கலைஞனை வளர்க்கிறது என்றால் அன்றைக்கு ஊர் எங்கே போனது? தீ வரும், வெள்ளம் வரும், வங்கிக்காரன் எட்டிப் பார்க்க மாட்டான். அப்படிப்பட்ட இடத்தில்தான் வாடகை மலிவு, மலிவான இடத்தில்தான் கலைஞன். பயம் குறைந்ததும் பணம் வந்துவிடும்.

நெடுஞ்சாலை 27 | சனி, பிற்பகல் 3:40
பணம் வந்தாச்சு, பயம் மட்டும் குறையவில்லை தம்பி. 1993 நவம்பர் தீயில் முன்னூறுக்கும் மேல் வீடுகள் போச்சு, மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் டங்கன் கிபின்ஸ் என்ற ஆங்கிலேய இயக்குநர். வாடகை வீட்டிலிருந்து வெளியே வந்தவர், பூனையைத் தேடித் திரும்பிப் போனார். 2024 மார்ச்சில் மண்சரிந்து சாலையை மூடிவிட்டார்கள். மே கடைசி வரை நான் 405 நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி வேலைக்குப் போனேன். 2025 ஜனவரி பாலிசேட்ஸ் தீயில் நீங்கள் சொன்ன அதே வாயில் இருந்த பழைய ராஞ்ச் மோட்டல் எரிந்துபோனது. அந்த வாரம் மேலே இருந்த எல்லாருக்கும் வெளியேறச் சொல்லி உத்தரவு. நாடக மேடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி நான் முதலில் தேடிப் பார்த்த செய்தி அதுதான்.

ரொறன்ரோ தம்பி | சனி, பிற்பகல் 3:52
அக்கா, உந்த மேடையிலை நாடகம் எப்ப தொடங்கும்?

நெடுஞ்சாலை 27 | சனி, மாலை 4:10
ஜூன் மாதம். தலையணை மறக்காதே.

கூடல்வாசி | சனி, மாலை 4:25
பட்டியலைத் திருத்திவிட்டேன். ஜோனி போயாச்சு, ஹின்மன் வந்தாச்சு, கத்ரி பெயருக்குப் பக்கத்தில் "சில மாதங்கள்" என்று போட்டிருக்கிறேன். மாரிசனை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.

எதிர்க்கட்சி | சனி, மாலை 4:27
அடைப்புக்குறியையும் எடுங்கள். உள்ளே இருப்பதோடு.